பூ வேண்டாத அட்டை

கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த முதல் இரண்டு வருஷங்களில், ரோஜாப்பூவை நான் செடியில் பார்த்ததைவிடத் தோலில் பார்த்ததுதான் அதிகம்.

என் பிறந்த ஊர் நாகர்கோவிலுக்குத் தெற்கே. கணவர் பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தார். அவர் சைக்கிளில் ஏறிப் போனபிறகு வாடகை வீட்டில் நானும் சுவர்க்கடிகாரமும்தான் இருப்போம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. எங்கள் சபையைச் சேர்ந்த பெண்களுக்காக ஒரு வெள்ளைக்கார மதாம்மா தோல்வேலைக்கூடம் நடத்தினாள். அங்கே போய்ச் சேர்ந்தேன்.

மரப்பட்டை போட்டுப் பதனிட்ட கன்றுத்தோல் மதராஸ் பக்கத்திலிருந்து வரும். சுட்ட ரொட்டியின் மேலோட்டு நிறத்தில் இருக்கும். அதை ஈரப் பஞ்சால் நனைத்து, நிறம் மறுபடி வெளுக்கத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு மாதிரித் தாளை மேலே வைத்து, மழுங்கிய கம்பியால் கோடு இழுத்து, அந்தக் கோட்டைக் கத்தியால் பாதி ஆழம் மட்டும் கீற வேண்டும். கீறலின் ஒரு பக்கத்தை அச்சு வைத்து மரக் கொட்டாப்புளியால் தட்டி அமுக்கினால் மறுபக்கம் எழும்பி நிற்கும். அப்படித்தான் தட்டையான தோலில் இதழ் எழும்பும். அச்சுகளுக்கு மதாம்மா சொன்ன இங்கிலீஷ் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. இதழில் குழி விழவைக்கும் வழவழப்பான அச்சுக்குப் புளியங்கொட்டை என்று பெயர் வைத்தோம். பூவைச் சுற்றிய வெற்றிடத்தில் நெருக்கமாகப் புள்ளி குத்துவது கடுகு. கோட்டோரத்தை அமுக்குவது சாய்ப்பான். கொஞ்ச நாளில் மதாம்மாவும் "அந்தக் கடுகை எடும்" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

மாதிரித் தாள்கள் எல்லாம் சீமையிலிருந்து வந்தவை. ரோஜா, லீலி, பிறகு ஏதோ ஒரு கொடி. பணப்பை, மூக்குக்கண்ணாடிக் கூடு, வேதப்புத்தக உறை, எது செய்தாலும் இந்த மூன்றில் ஒன்று. பார்வைக்கு வேறு வேறாக இருந்தாலும் மூன்றுக்கும் எலும்பு ஒன்றுதான். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பாம்புபோல் வளைந்து போகும் ஒரு தண்டு. வளைவுகளில் பூ. பூவுக்கும் ஓரத்துக்கும் நடுவே இலை. மிச்ச இடத்தில் கடுகு. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அதனாலேயே சலிக்கவும் தொடங்கியிருந்தது.

அந்த வருஷம் மழை விட்டபிறகு ஒருநாள் முற்பகலில் ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேஷ்டி, மேல்துண்டு, நெற்றியில் சந்தனம். ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்தில் வீடு, சர்க்கார் கச்சேரி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் என்று சொன்னார். எங்கள் கூடத்துக்கு அப்படிப்பட்டவர்கள் வருவதில்லை. மதாம்மா தானே எழுந்து நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"போட்டோ ஆல்பத்துக்கு ஒரு அட்டை வேணும். தோல்ல. பண்ணித் தருவேளா?"

மதாம்மா ரோஜா உறை ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பூ வேண்டாம்."

"லீலிபுஷ்பம் இருக்கிறது. மிகவும் சுத்தமான புஷ்பம்" என்றாள் மதாம்மா. முன்ஷி வைத்துப் படித்த வேதாகமத் தமிழ் அவளுடையது.

"எந்தப் பூவும் வேண்டாம்."

"அப்படியானால் வெறும் தோலாகச் செய்யலாமா?"

"வெறுமனேயும் வேண்டாம்." அவர் கொஞ்சம் தயங்கினார். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்து, "நீ தமிழ்தானேம்மா?" என்று கேட்டார். ஆமென்றேன். அதன்பிறகு அவர் என்னிடம்தான் பேசினார்.

"என் பையன் சர்வே ஆபீஸ்ல இருந்தான். மலையில வேலை. கைல ஒரு காமிரா வெச்சுண்டு போற இடமெல்லாம் படம் எடுப்பான். போன மழையில மலையிலேயே போய்ட்டான். வாசலுக்குக் கொண்டு வந்தப்போ ஆபீஸ்காரா, கூடப் படிச்சவா எல்லாரும் மாலை மாலையாக் கொண்டு வந்து போட்டுட்டா. முகமே தெரியலை. அவன் அம்மா பூவை எடுங்கோ, பூவை எடுங்கோன்னு கேட்டுண்டே இருந்தா. ஒருத்தர் எடுத்தா இன்னொருத்தர் போடறா. அதுக்குள்ளே நேரமாயிடுத்துன்னு தூக்கிண்டு போய்ட்டா. அன்னிலேர்ந்து எங்காத்துல பூ வாங்கறதில்லை. சுவாமிக்குக்கூடத் துளசி மட்டும்தான்."

கூடத்தில் கொட்டாப்புளிச் சத்தம் நின்றிருந்தது.

"அவன் எடுத்த படங்களை ஒண்ணாச் சேர்த்து வைக்கணும். மேல ஏதாவது இருக்கணும். என்னன்னு நேக்குச் சொல்லத் தெரியலை. பூவா இருக்கப்படாது, அவ்வளவுதான்."

மதாம்மாவுக்கு நான் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். அவள் மனம் இளகியவள்தான், ஆனால் கண்டிப்பானவள். "நம்மிடம் இருப்பவை புஷ்ப மாதிரிகள் மாத்திரமே. நம்மிடம் இல்லாததைத் தருவோமென்று வாக்குக் கொடுக்கலாகாது" என்றாள்.

"நான் செய்யுதேன்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. பூவை எடுங்கோ என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே நின்றதைக் காதால் கேட்டபிறகு, எங்களிடம் பூதான் இருக்கிறது என்று சொல்லி அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மதாம்மா நிபந்தனை வைத்தாள். கழிவுத் துண்டுகளில் என் சொந்த நேரத்தில் செய்து பார்க்க வேண்டும். அவள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் நல்ல தோல் கிடைக்கும். பெரியவர் அளவு தெரிவதற்காக ஒரு போட்டோவை வைத்துவிட்டுப் போனார். நிலமளக்கும் சங்கிலி பிடிக்கிற சங்கிலிக்காரர்கள் சிலர் பாறைமேல் உட்கார்ந்து பொதிச்சோறு சாப்பிடும் படம்.

முதலில் எல்லாரும் செய்வதையே செய்தேன். ரோஜா மாதிரியில் ரோஜாவை நீக்கிவிட்டு, தண்டையும் வளைவையும் வைத்து, பூ இருந்த இடத்தில் வட்டம் போட்டேன். தோல் வாரைக் கோர்த்துத் தைப்பதில் கெட்டிக்காரியான ஒருத்தி எனக்கு அடுத்த இருக்கையில் இருந்தாள். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரி. அவள் எட்டிப் பார்த்தாள்.

"சேச்சி, ஆடு மேஞ்ச செடி மாதிரி இருக்கு கேட்டியளா."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் இருந்தது. அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுப் பார்த்தேன். அது கைலித் துணிபோல வந்தது. அதோடு எங்கள் அச்சுகள் எல்லாம் வளைவுக்காகச் செய்தவை. நேர்க்கோட்டின் ஓரத்தில் சாய்ப்பானை வைத்துத் தட்டினால் ஒவ்வொரு தட்டும் தனித்தனிப் பல்லாகத் தெரிந்தது. இதழில் அந்தப் பல் தெரியாது, வளைவு விழுங்கிவிடும்.

கழிவுத் துண்டுகள் தீர்ந்துகொண்டு வந்தபோது ஒன்று புரிந்தது. பூவை எடுத்துவிட்டால் போதாது. அந்த இடத்தில் பூ ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. தண்டோடு ஓடிவரும் கண்ணைப் பிடித்து நிறுத்தி, மறுபடி ஓடவிடுவது அதன் வேலை. அதைச் செய்ய வேறொன்று வராமல் பூ போகாது.

பெரியவர் கொடுத்த போட்டோவை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். சங்கிலிக்காரர்களின் காலடியில் உருண்டைக் கற்கள். மலை என்றால் கல், கல்லென்றால் ஆறு என்று மனம் ஓடியது. தண்டு இருந்த இடத்தில் தண்ணீர் ஓடட்டும். பூ இருந்த இடத்தில் கல் கிடக்கட்டும். கல்லைச் சுற்றித் தண்ணீர் சுழிக்கும் இடத்தில் இலையின் வளைவு அப்படியே பொருந்தியது. கடுகு ஆற்றுமணலாயிற்று. புளியங்கொட்டையைப் பெரிய கல்லின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்து அமுக்கினால் வெயில் ஒரு பக்கம் விழுந்த மாதிரி வந்தது. அச்சு ஒன்றைக்கூட மாற்றவில்லை. ஒரு மத்தியானம் முழுவதும் தலை நிமிராமல் அதைச் செய்து முடித்தேன்.

மதாம்மா அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "இது நன்றாயிருக்கிறது" என்றாள். அவள் அப்படிச் சொல்லுவது அபூர்வம். பெரியவருக்கு ஆள் போயிற்று.

அவர் வந்து துண்டைக் கையில் வாங்கினார். விரலை ஓட்டத்தின்மேல் வைத்தார். பாதியிலேயே எடுத்துவிட்டார்.

"இது எந்த ஆறு?"

"எந்த ஆறும் இல்ல சாமி. சும்மா மனசுல வந்தது."

"கல்லாறு மாதிரி இருக்கு." குரல் மாறவில்லை. "அங்கதான் போனான். மேல மழை பெஞ்சது கீழ இருந்தவாளுக்குத் தெரியலை. சாமானைத் தலையில வெச்சுண்டு கடந்திருக்கான். நடுவுல போறச்சே வெள்ளம் வந்துடுத்து."

நான் கையை நீட்டித் துண்டை வாங்கிக்கொண்டேன்.

"உன் மேல தப்பில்லை. நான் சொல்லலையே" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "விட்டுடும்மா. போறும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதாம்மாவும் அதையேதான் சொன்னாள். "மதி, போதும் சேச்சி. அவரே வேண்டாம்னு சொல்லியாச்சு, பின்னே என்ன?" என்றாள் தைக்கிறவள். என்னால் விட முடியவில்லை. இரண்டு காரணம். ஒன்று, அவர் வாசலைக் கடந்து போன விதம். மற்றது, அதைச் சொல்லத்தான் வேண்டும், வேலை சம்பந்தப்பட்டது. அந்த எலும்பு ரோஜாவைத் தவிர வேறொன்றையும் தாங்கும் என்பதை என் கை கண்டுபிடித்துவிட்டது. இனி அதைத் தெரியாததுபோல் உட்கார்ந்து ரோஜா வெட்ட முடியாது.

ஆனால் என்ன செய்வதென்று தெரியாமலே சில நாட்கள் போயின. ஒரு மாலை, பள்ளியிலிருந்து வந்த கணவர் மறுநாள் பாடத்துக்காகத் தாளில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். காப்பி கொண்டுபோய் வைத்தவள் குனிந்து பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக, நெளிந்து நெளிந்து போகும் வளையங்கள்.

"என்ன, நீங்களும் ரோஜா போடுதியளா?"

"ரோஜாவா? இது மலைல்லா" என்று சிரித்தார். "மேல நின்னு பாத்தா மலை இப்படித்தான் இருக்கும். பையன்மாருக்கு நாளைக்கு இதத்தான் சொல்லணும்."

எனக்குப் புரியவில்லை என்று கண்டு, தோட்டத்திலிருந்து ஒரு கூர்மையான கல்லைக் கொண்டுவந்து பித்தளைத் தாம்பாளத்தில் வைத்தார். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் கல்லைத் தொட்ட இடத்தைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். இன்னும் கொஞ்சம் ஊற்றி இன்னொரு கோடு. இப்படிக் கல்லின் உச்சிவரை ஏறினார்.

"இனி மேலேருந்து பாரு."

பார்த்தேன். வளையத்துக்குள் வளையம். வெளியே அகலம், உள்ளே ஒடுக்கம், நடுவில் மொட்டுபோல உச்சி. "ஒரே கோட்டுல உள்ள எடமெல்லாம் ஒரே உயரம். கோடு நெருங்கி இருந்தா அங்க செங்குத்து. அகன்று இருந்தா சாய்வு" என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். என் கை அதற்குள் மனத்திலேயே சாய்ப்பானை எடுத்துவிட்டது. கோட்டைக் கீறி வெளிப்பக்கத்தை அமுக்கினால் உள்பக்கம் எழும்பும். அடுத்த கோட்டைக் கீறி அமுக்கினால் இன்னும் எழும்பும். ரோஜாவுக்குச் செய்கிறதேதான். மலை தோலிலிருந்து தானாக ஏறி நிற்கும்.

மறுநாளே துண்டில் செய்து பார்த்தேன். வந்தது ரோஜா.

காரணம் பிறகுதான் தெரிந்தது. ரோஜாவில் ஒரு இதழின் கோடு இன்னொரு இதழுக்குப் பின்னால் போய் மறையும். என் கைக்கு அது பழக்கம். ஒரு கோடு இன்னொன்றின் பக்கத்தில் வந்தால் உடனே போய் அதில் முட்டி நிற்கும். "இந்தக் கோடு ஒண்ணையொண்ணு தொடவே தொடாது. தொட்டா ஒரே எடத்துக்கு ரெண்டு உயரம்னு ஆயிரும்" என்று கணவர் சொன்னார். ஒவ்வொரு கோடும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டும். கத்தியைத் தூக்காமல், முட்டாமல், முழுதாகச் சுற்றி வருவதை நான் புதிதாகப் படித்தேன். செங்குத்தான இடத்தில் கோடுகள் நெருங்கியபோது இடையிலிருந்த தோல் மெலிந்து மீன்செதில்போலப் பெயர்ந்து வந்தது. அதற்காகக் கோடுகளைக் குறைத்தேன். துண்டு கிடைக்காதபோது பழைய செருப்புக்கடைக் கழிவை வாங்கி அதில் வெட்டினேன். விரலில் கத்தி பட்டு இரண்டு நாள் கட்டோடு வெட்டினேன். மலை மெல்ல மெல்ல மலையாயிற்று.

ஆனால் அது தாம்பாளத்துக் கல்தான். அவர் பையனுடைய மலை அல்ல.

சனிக்கிழமை கணவரையும் அழைத்துக்கொண்டு ஸ்ரீவராகம் போனேன். தெருவில் எங்களைப் பார்த்தவர்கள் யாரைத் தேடுகிறோம் என்று கேட்டு வீட்டைக் காட்டினார்கள். பெரியவர் வாசலுக்கு வந்தார்.

"விட்டுடச் சொன்னேனே அம்மா."

"சொன்னிய சாமி. எனக்கு விட முடியல." துண்டை நீட்டினேன். "ஆறு இல்ல. மலை. மேலேருந்து பாத்த மாதிரி. இது ஏதோ ஒரு கல்லு. அவரு அளந்த மலை எதுன்னு தெரிஞ்சா அதையே வெட்டலாம்."

அவர் துண்டை வெகுநேரம் பார்த்தார். உள்ளே போனார். வரவே மாட்டாரோ என்று நான் நினைக்கத் தொடங்கியபோது, சுருட்டிய மெல்லிய துணி ஒன்றோடு வந்தார். படம் நகலெடுக்கும் மெழுகுத்துணி.

"அவன் கையால போட்டது. ஆபீஸ்லேர்ந்து அவன் சாமானோட வந்தது. வெளியில தர மாட்டேன். இங்கேயே உக்காந்து பாத்துக்கோங்கோ."

வாசற்படியிலேயே உட்கார்ந்தோம். நான் துணியின் ஓரங்களைப் பிடித்துக்கொள்ள, கணவர் தாளை மேலே வைத்துப் பென்சிலால் எடுத்தார். பையன் போட்டிருந்த கோடு நூல்போலச் சீராக இருந்தது. எங்கும் நடுக்கமில்லை. இரண்டு உச்சிகள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பெரியதின்மேல் ஒற்றையடிப்பாதை வளைந்து வளைந்து ஏறியது. அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. தண்டு கிடைத்துவிட்டது.

மதாம்மா நல்ல தோலை எடுத்துக் கொடுத்தாள். ஐப்பசித் துலாமழை தொடங்கியிருந்தது. தினமும் மத்தியானத்துக்குமேல் இடி இடித்துக் கொட்டும். காற்றில் ஈரம் ஏறினால் தோல் காயாது, ஈரத்தோலில் அமுக்கினது நிற்காமல் மறுபடி உப்பிவிடும். அதனால் காலையில் மட்டும் வெட்டினேன். வீட்டு வேலையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டோம். காலைச் சமையல் கணவருடையதாயிற்று. அவர் வைத்த குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு நான் மலை ஏறினேன்.

பாதையை மூலையிலிருந்து தொடங்கி, தண்டு போகும் வளைவிலேயே மேலே கொண்டுபோனேன். பூ இருந்த இரண்டு வளைவுகளில் இரண்டு உச்சிகள். அடிவாரக் காட்டுக்குக் கடுகு. மேலே போகப் போகப் புள்ளியைக் குறைத்து, உச்சியை வழவழப்பாக விட்டேன், அங்கே புல்தான் என்று பெரியவர் சொல்லியிருந்தார். மூலைகளில் ஒன்றும் வைக்கவில்லை.

மதாம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "மூலைகள் தரித்திரமாயிருக்கின்றன. நான்கு சிறிய இலைகள் வையும்."

"மூலை மலைக்கு வெளிய உள்ள நெலம் மதாம்மா. அது சும்மா கெடக்கட்டும்."

"ஒரு மாதிரியில் மூலை வெறுமையாயிருப்பது முறையல்ல."

"பூ மாதிரிக்கு அது முறை. இதுக்கு இல்ல." அவளிடம் அப்படி நான் பேசியதே கிடையாது. தைக்கிறவள் ஊசியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். மதாம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அட்டையை மறுபடி பார்த்தாள். பிறகு தன் மேஜைக்குப் போய்விட்டாள். மூலை சும்மாவே கிடந்தது.

அட்டையைக் கொண்டுகொடுக்கவும் நாங்களே ஸ்ரீவராகம் போனோம். இந்தமுறை ரேழிவரை வரச் சொன்னார்கள். பெரியவர் அட்டையைச் சுவரோரம் வெளிச்சத்தில் வைத்து உட்கார்ந்து, பாதை தொடங்கும் இடத்தில் விரலை வைத்து மெல்ல மேலே ஏறினார். பெரிய உச்சியைத் தொட்டுவிட்டுச் சிறிய உச்சிக்கு இறங்கியபோது விரல் நடுப்பள்ளத்தில் நின்றது.

"இது அதுதானே?"

பொய் சொல்ல எனக்கு வழியில்லை. "ரெண்டு மலைக்கும் நடுவுல உள்ள பள்ளம் சாமி. ஆத்தை நான் வெட்டல. மலையை வெட்டினா அது தன்னால வருது."

"ஆமா. வரும்" என்றார். விரலை எடுக்கவில்லை. "எங்கே போறது அது? இருக்கட்டும்."

ஆல்பத்தின் கறுப்புப் பக்கங்களை அவரே உள்ளே வைத்துக் கயிற்றைக் கோர்த்துக் கட்டினார். பிறகு உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் ஈரத்தலையை முடிந்துகொண்டு வந்தார். நல்ல உயரம். என்னைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளித் தானும் உட்கார்ந்தார்.

"நான் மடியா இருக்கேன். தோலைத் தொடப்படாது. நீ திருப்பு, நான் பாக்கறேன்."

நான் பக்கங்களைத் திருப்பினேன். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் திருநெல்வேலிப் பெண்கள். மழையில் தொய்ந்துபோன ஒரு கூடாரம். மூங்கில் பாலம். மஞ்சு மூடிய மலை, அதே மலை மஞ்சு விலகி. அம்மாள் ஒவ்வொன்றையும் அவசரமில்லாமல் பார்த்து, தலையை அசைத்ததும் நான் திருப்புவேன். எல்லாப் படத்தையும் எடுத்தவன் அவன் என்பதால் ஒன்றிலும் அவன் இல்லை. எனக்கு அது கஷ்டமாக இருந்தது.

"நிறுத்து" என்றார். "இதுல இருக்கான்."

நான் பார்த்தேன். வெறும் பாறை. ஆள் யாரும் இல்லை.

"நன்னாப் பாரு. நிழல்."

பாறைமேல் சாயங்கால வெயிலில் நீண்டு விழுந்த ஒரு நிழல். முழங்கைகள் இரண்டும் வெளியே துருத்திக்கொண்டு, தலை காமிராப் பெட்டிமேல் கவிழ்ந்திருந்தது.

"குனிஞ்சுண்டு நிக்கறான் பாரு. சாப்பிடறச்சேயும் இப்படித்தான் குனிவான். எத்தனை சொன்னாலும் கேக்க மாட்டான்." அவர் அழவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். அந்தப் பக்கத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நான் அசையாமல் இருந்தேன். கை மரத்துப்போயிற்று. உள்ளே யாரோ அடுப்பு அணைகிறது என்று கூப்பிடும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

உள்ளே போகும்போது, "வெயில் தாழட்டும், மோர் சாப்பிட்டுட்டுப் போங்கோ" என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம்.

அதன்பிறகு மதாம்மா என்னைக் கூப்பிட்டு அந்த மலையை மாதிரித் தாளாக எடுத்துத் தரச் சொன்னாள். மற்றப் பெண்களும் வெட்டலாம், சீமைக்கு அனுப்பலாம் என்பது அவள் எண்ணம். நான் முடியாது என்றேன். அது அந்த வீட்டுக்கு உள்ளது, இன்னொருவர் பணப்பையில் போக வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக, பூவின் இடத்தில் வேறொன்றை வைப்பது எப்படி என்று எல்லாருக்கும் சொல்லித்தருகிறேன் என்றேன். மதாம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு கட்டுக் கழிவுத் துண்டைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

சொல்லித்தருவது செய்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒருத்தி யானை வெட்டினாள், அது பலாப்பழமாக வந்தது. இன்னொருத்தி மயிலிறகு வெட்டி, கடைசியில் பழக்கத்தில் அடியில் இரண்டு இலை வைத்துவிட்டாள். வரைவதற்கு முன்னால் கண் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது. நிறையத் தோல் வீணாயிற்று. நான் நிறுத்தவில்லை.

தைக்கிறவள் மட்டும் ஒன்றும் கேட்காமல் மூலையில் உட்கார்ந்து எதையோ வெட்டிக்கொண்டிருந்தாள். சாய்ப்பானை ஒரு பட்டைக்கு இந்தப் பக்கமும் அடுத்ததற்கு அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி வைத்து, ஒன்றின்கீழ் ஒன்று நுழைந்து போகும்படி முழுத் தோலையும் நிரப்பியிருந்தாள். இலைக்கு நரம்பு குத்தும் அச்சால் ஒவ்வொரு பட்டையிலும் மெல்லிய கோடுகள். மூக்கை வைத்து மோந்தால் ஓலை வாசம் வரும் என்று தோன்றியது.

மதாம்மா குனிந்து பார்த்தாள். "இது என்ன புஷ்பம்?"

"பூவில்ல மதாம்மா" என்றாள் அவள், தலை நிமிராமல். "எனக்க வீட்டுச் சொவரு."

அந்தச் சுவர் போட்ட உறைதான் எங்கள் கூடத்திலிருந்து அதிகம் விற்றுப்போனது. வெட்டுகிறவர்களுக்கு அலுப்பு வராமலிருக்க, அவரவர் வீட்டு ஓலை முடைசலை அவரவர் பார்த்து வந்து வெட்ட வேண்டும் என்று ஒரு விதி வைத்தேன்.